வாசல் கதவு உள்ளிருந்து சட்டென்று திறக்க: பூட்டு மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடுராத்திரி, கரண்ட் இல்லை, வீட்டுக்குள் புகை. உங்கள் வீட்டில் வயதில் மூத்தவர், சாவி தேடாமல், ஒரே கையால் வாசல் கதவைத் திறந்து வெளியே வந்துவிடுவாரா? பூட்டுக் கடையில் நாம் எல்லோரும் கேட்பது "திருடன் உடைக்க முடியாதே?" என்றுதான். உள்ளே இருப்பவர் எப்படித் திறப்பார் என்று கேட்பவர் அபூர்வம். கீழே உள்ள பதில்கள் அந்த இரண்டாவது கேள்வியை முன்னால் வைத்து எழுதியவை. நம் ஊர் ஃபிளாட்டுகளிலும் தனி வீடுகளிலும் இருக்கும் மரக்கதவுகளை மனதில் வைத்திருக்கிறேன்.

எங்கள் பூட்டில் உள்பக்கமும் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். அது அவ்வளவு பெரிய பிரச்சினையா?

ஆமாம். சாவி ஆணியில் தொங்கும்வரை பிரச்சினை தெரியாது. ஒரு நாள் பேரன் எடுத்து விளையாடிவிட்டு சோஃபாவுக்கு அடியில் போட்டிருப்பான், அல்லது வேலைக்குப் போனவர் பையிலேயே போயிருக்கும். புகையில் கண் எரியும்போது சாவித் துளையைத் தடவிக் கண்டுபிடிப்பது, பழகிய வீட்டிலேயே நடக்காத காரியம்.

இந்தியாவின் தேசியக் கட்டிட விதித்தொகுப்பு, வெளியேறும் வழியில் உள்ள கதவு உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து யாரும் சோதிக்கப் போவதில்லை. ஆனால் அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று யோசித்தால், வீட்டுக் கதவுக்கும் அதே நியாயம்தான்.

எங்கள் கதவில் இருப்பது என்ன வகைப் பூட்டு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கதவைத் திறந்து வைத்து, உள்பக்கத்தையும் ஓரத்தையும் பாருங்கள். உள்பக்கம் ஓர் இரும்புப் பெட்டி கதவின் மேலேயே ஸ்க்ரூ போட்டு உட்கார்ந்திருந்தால் அது பெட்டிப் பூட்டு. கதவைச் சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் இந்தக் குடும்பம்தான். கதவின் ஓரத்தில் நீளமான ஒரு பட்டைத் தகடு மட்டும் தெரிந்து, பூட்டின் உடல் மரத்துக்குள் புதைந்திருந்தால் அது மார்ட்டிஸ் லாக். பெரும்பாலும் நீள ஹேண்டிலோடு வரும். மூன்றாவது, பழைய வீடுகளில் இருப்பது: வெளியே ஆல்ட்ராப்பும் (குறுக்கே நகரும் இரும்புத் தாழ்) அதில் மாட்டும் தொங்கு பூட்டும், உள்ளே மேலும் கீழும் தாழ்ப்பாள்.

முதல் இரண்டில் வேலை சுலபம். மூன்றாவதில் புதிதாக ஒரு பூட்டு வைக்க வேண்டியிருக்கும்.

பூட்டு இறுக்கமாக இருக்கிறது, அம்மாவால் திருகவே முடியவில்லை. மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். பூட்டைப் பழி சொல்வதற்கு முன் ஒரு சோதனை. கதவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றிலேயே பூட்டித் திறந்து பாருங்கள். அப்போதும் இறுகினால் குறை பூட்டில். திறந்த நிலையில் வெண்ணெய் மாதிரி சுற்றி, சாத்தினால் மட்டும் இறுகினால் பூட்டு நன்றாகவே இருக்கிறது. கதவுதான் நகர்ந்திருக்கிறது, அல்லது ஊதியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஈரம் குடித்துப் பருப்பது எல்லார் வீட்டிலும் நடப்பது. கதவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறினாலே, பூட்டின் நாக்கு எதிரே நிலையில் உள்ள தகட்டின் ஓட்டைக்குள் நேராகப் போகாமல் விளிம்பில் உரசும். இன்னொரு காரணம், மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு ஒரு பக்கம் தொங்கிப் போவது. கைப்பிடியைப் பிடித்துக் கதவை லேசாக மேலே தூக்கிக்கொண்டு பூட்டிப் பாருங்கள். அப்போது சுலபமாகப் போனால் கீல்தான் காரணம். பழைய ஸ்க்ரூவைக் கழற்றி, அதே தடிமனில் இன்னும் நீளமான ஸ்க்ரூ போட்டால் நிலையின் நல்ல மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கே உரசுகிறது என்று பார்க்க, பூட்டின் நாக்கு நுனியில் கொஞ்சம் கண்மை தடவி, கதவைச் சாத்திப் பூட்ட முயன்று பாருங்கள். தகட்டில் கறுப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கத்தை அரத்தால் சற்று ராவினால் போதும். தகட்டையே கழற்றி இறக்குவது அதற்கடுத்த வேலை. மழைக்காலத்தில் கதவின் ஓரத்தை மட்டும் அவசரப்பட்டு இழைக்காதீர்கள். சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் இடைவெளி பல்லிளிக்கும்.

பூட்டு முழுவதையும் மாற்றாமல், உள்பக்கச் சாவிக்குப் பதிலாக, விரலால் திருகித் திறக்கும் நாப் மட்டும் வைக்க முடியுமா?

மார்ட்டிஸ் லாக் என்றால் பெரும்பாலும் முடியும். சாவி போடும் உருளையைச் சிலிண்டர் என்பார்கள். அதை முன்னாலிருந்து பார்த்தால் மேல்பாதி வட்டமாகவும் கீழ்ப்பாதி ஒடுங்கியும் இருந்தால், அது யூரோ சிலிண்டர். தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது. இரண்டு பக்கமும் சாவி உள்ளதை எடுத்துவிட்டு, வெளியே சாவியும் உள்ளே நாப்பும் உள்ளதைப் போட்டால் வேலை முடிந்தது. ஹேண்டிலும் பூட்டின் உடலும் அப்படியே இருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், உளிக்கு வேலையே இல்லை. செலவும் முழுப் பூட்டின் விலையில் ஒரு பங்குதான்.

கதவைத் திறந்தே வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடியும்வரை சாத்தவே கூடாது. கதவின் ஓரத் தகட்டில், சிலிண்டருக்கு நேராக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை முழுவதும் கழற்றி எடுங்கள். சாவியைச் சொருகி மிக லேசாகத் திருப்பினால், சிலிண்டரின் நடுவில் உள்ள சிறு பல் உடலோடு ஒன்றிப்போகும் ஓரிடம் வரும். அந்த இடத்தில் சிலிண்டரை அப்படியே வெளியே இழுத்துவிடலாம். வரவில்லை என்றால் பல் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சுத்தியல் எடுக்க வேண்டாம், சாவியை இப்படி அப்படி மெல்ல அசையுங்கள்.

புதியதை அதே போல் பல்லை ஒன்றவைத்து, நாப் உள்பக்கம் வரும்படி நுழையுங்கள். சிரிக்காதீர்கள், திருப்பி மாட்டி ஸ்க்ரூ முடுக்கிய பிறகு கவனிப்பவர்கள் உண்டு. ஸ்க்ரூவை முதலில் கையால் பிடிக்கவைத்து, சாவியாலும் நாப்பாலும் சில தடவை பூட்டித் திறந்து பார்த்துவிட்டு முடுக்குங்கள். முடுக்கிய பின் நாப் கனமாகிவிட்டால் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள்.

பழைய காலத்து மார்ட்டிஸ் பூட்டுகளில் சிலிண்டரே இருக்காது. நீளத் தண்டும் நுனியில் பல் வெட்டும் உள்ள பெரிய சாவி, கதவின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே துளையில் போகும். அவற்றில் நாப் ஏற்ற வழியில்லை, பூட்டையே மாற்ற வேண்டும்.

கடையில் என்ன அளவு சொல்லிக் கேட்பது?

அளவு சொல்ல வேண்டாம், பழைய சிலிண்டரையே கையில் எடுத்துப் போங்கள். அதுதான் நிச்சயம். கழற்ற முடியாத நிலை என்றால், ஓரத்து ஸ்க்ரூவின் மையத்திலிருந்து வெளிமுனைவரை ஓர் அளவு, உள்முனைவரை ஓர் அளவு எடுங்கள். 30-30 என்றால் மொத்தம் 60 மி.மீ., 35-35 என்றால் 70 மி.மீ. இரண்டு பக்கமும் சமமாக இல்லாத சிலிண்டர்களும் உண்டு, அதனால் மொத்த நீளம் மட்டும் சொன்னால் ஏமாறுவீர்கள். வெளிப்பக்கம் தகட்டைத் தாண்டி 3 மி.மீ.க்கு மேல் துருத்தக் கூடாது. துருத்தினால் இடுக்கியால் பிடித்து ஒடிக்க வசதி.

முழுப் பூட்டு வாங்குவதாக இருந்தால் கதவின் கனம், ஓரத்திலிருந்து சாவித் துளை மையம்வரை உள்ள தூரம், ஹேண்டில் மையத்துக்கும் சாவித் துளைக்கும் உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளி பல பூட்டுகளில் 85 மி.மீ. இந்த அளவுகள் ஒத்துப்போனால் பழைய குழிகளே பயன்படும். இல்லாவிட்டால் ஆசாரி புதிதாகக் குடைய வேண்டும், பழைய ஓட்டைகளை மூட அகலத் தகடும் தேட வேண்டும்.

பெட்டிப் பூட்டு என்றால்?

இதில் வாங்கும்போதே இரண்டு ரகம் இருக்கும்: இரண்டு பக்கமும் சாவி, அல்லது வெளியே சாவி உள்ளே நாப். இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். அதே கம்பெனியின் அதே மாடலில் நாப் ரகம் கிடைத்தால் ஸ்க்ரூ ஓட்டைகள்கூடப் பொருந்தும். கதவு இடப்பக்கம் திறப்பதா வலப்பக்கமா, உள்ளே வருவதா வெளியே போவதா என்பதைச் சொல்ல வேண்டும். வார்த்தையில் குழப்பம் வரும், போனில் உள்ளே இருந்து ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் நாப் இருக்கிறது என்பதாலேயே நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சில பூட்டுகளில் வெளியே இருந்து சாவியைக் கூடுதலாக ஒரு சுற்றுச் சுற்றினால் உள்பக்க நாப் செயலற்றுப் போகும். ஆளில்லாத வீட்டுக்கு அது நல்ல பாதுகாப்பு. தாத்தா உள்ளே தூங்கும்போது அப்படிப் பூட்டிவிட்டுக் காய்கறி வாங்கப் போனால், அவரைச் சிறை வைத்த மாதிரிதான். ஒருவரை உள்ளே நிற்கவைத்து, நீங்கள் தினமும் பூட்டுவது போலவே வெளியே பூட்டி, அவரால் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். புதுப் பூட்டு வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. வெளியே ஆல்ட்ராப் போட்டுப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கமும் இதே கணக்கில்தான் சேரும்.

மாமியாருக்கு விரல் மூட்டுவலி. நாப்பே திருக முடியவில்லையே?

உருண்டையான வழவழப்பு நாப்தான் மிக மோசம். விரல்களால் இறுக்கிப் பிடித்தால்தான் சுற்றும். பட்டையாக, சற்று நீளமாக இருக்கும் நாப்பைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாமல், உள்ளங்கை ஓரத்தாலேயே தள்ளலாம். அதைவிட நல்லது, கீழே அழுத்தினால் திறக்கும் நீள ஹேண்டில். முழங்கையால்கூடத் திறக்கலாம். சில மார்ட்டிஸ் பூட்டுகளில் உள்பக்க ஹேண்டிலை அழுத்தினாலே பூட்டின் நாக்கும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஓட்டல் அறைகளில் பார்த்திருப்பீர்கள். கிடைத்தால் வீட்டுக்கும் அதுவே முதல் தேர்வு.

கடையில் அவரையே அழைத்துப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கைக்குச் சுலபமாக இருப்பது அவர் கைக்கு இருக்காது. பொருத்தும் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் இருந்தால் நிற்பவருக்கும் எட்டும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும்.

பூட்டு இருந்தாலும் ராத்திரி மேல் தாழ்ப்பாள் போட்டால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். போடலாமா?

என் கருத்தில், வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் வேண்டாம். இது பலருக்கும் கசக்கும் என்று தெரியும்.

உள்ளே இருப்பவர் வெளியே வருவதை மட்டுமே இதுவரை பேசினோம். வெளியே இருப்பவர் உள்ளே போக வேண்டிய நேரமும் வரும். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து கிடக்கிறார், போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் மகளிடம் சாவி இருக்கிறது. ஓடி வந்து பூட்டைத் திறக்கிறாள், கதவு அசையவில்லை. மேலே தாழ்ப்பாள். அதற்கு வெளியே சாவித் துளையே கிடையாது. உடைப்பதைத் தவிர வழியில்லை, தேக்குக் கதவை உடைக்க எவ்வளவு நேரமாகும் என்று உடைத்தவர்களைக் கேளுங்கள்.

இரண்டு பக்கமும் சாவி உள்ள சாதாரணச் சிலிண்டரிலும் இதே ஆபத்து உண்டு. உள்பக்கம் சாவியைச் சொருகி, திருப்பிய நிலையில் விட்டிருந்தால் வெளியே இருந்து வேறு சாவி வேலை செய்யாது. நாப் உள்ள சிலிண்டரில் அந்தப் பேச்சே இல்லை. உள்ளே சாவியே போடுவதில்லை என்பதால் வெளியே இருக்கும் சாவி எப்போதும் திறக்கும். உள்ளிருந்து சுலபம், வெளியிலிருந்து அவசரத்துக்கும் வழி என்று இரண்டும் ஒரே மாற்றத்தில் கிடைக்கின்றன.

தாழ்ப்பாள் இல்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், சாவியால் வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய இரண்டாவது பூட்டு ஒன்றை, நாப்போடு, இடுப்பு உயரத்தில் போடுங்கள். ஆறடி உயரத்தில் இருக்கும் மேல் தாழ்ப்பாளுக்கு ஸ்டூல் போட்டு ஏறும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். கீழ்த் தாழ்ப்பாளுக்குக் குனிந்தால் நிமிர முடியாதவர்களையும்.

உள்ளே நாப் வைத்தால் திருடனுக்கும் வசதிதானே?

கதவில் கண்ணாடி இருந்தாலோ, கதவை ஒட்டி ஜன்னல் இருந்தாலோ மட்டும். கை நுழைத்தால் நாப் எட்டுமா என்று நீங்களே ஜன்னல் கம்பி வழியாகக் கைவிட்டுப் பாருங்கள். எட்டினால் அந்த ஜன்னலுக்கு நெருக்கமான கம்பி வலை அடிக்கலாம், அல்லது கண்ணாடியை மாற்றலாம். சரிசெய்ய வேண்டியது ஜன்னலை. அதற்காக உள்ளே இருப்பவர்களைச் சாவிக்குக் கட்டிப்போட வேண்டியதில்லை.

எங்கள் மூன்று வயது வால், நாப்பைத் திருகி வெளியே ஓடிவிடுகிறது!

கதவு திறந்தால் ஒலி எழுப்பும் சிறிய காந்த அலாரம் கிடைக்கிறது. ஒட்டிவிட்டால் போதும். கூடவே பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு சங்கிலி. பாட்டிக்கு எட்டுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் போனால் சங்கிலியைக் கழற்றிவிடலாம்.

அப்பாவுக்கு மறதி நோய். கதவைத் திறந்து போய்விடுவார் என்று பயந்தே உள்ளே சாவிப் பூட்டு வைத்திருக்கிறோம்.

உங்கள் பயம் நியாயமானது, இதற்கு முழுத் தீர்வு ஒன்று என்னிடம் இல்லை. யாராவது எப்போதும் கூட இருக்கும் வீடு என்றால் நாப்பும் அலாரமும் வைத்து, கதவின் நிறத்திலேயே ஒரு திரை தொங்கவிட்டுப் பாருங்கள். கதவு கண்ணில் படாவிட்டால் அதை நாடுவதும் சிலருக்குக் குறைகிறது. சாவிப் பூட்டுதான் வேண்டும் என்று முடிவு செய்தால், உடன் இருப்பவர் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரு சாவி இருக்க வேண்டும். ஆணியில் தொங்கக் கூடாது. அவரை மட்டும் உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது, பத்து நிமிடமானாலும் வேண்டாம்.

கதவுக்கு வெளியே இரும்புக் கிரில் கேட் இருக்கிறது. அதை உள்ளிருந்து தொங்கு பூட்டால் பூட்டுகிறோம்.

மரக்கதவில் எவ்வளவு நல்ல பூட்டுப் போட்டாலும் இங்கே வந்து நின்றுவிடுவீர்கள். நம் ஃபிளாட்டுகளில் மறந்துபோகும் இடம் இதுதான். வெல்டரிடம் சொல்லி, கிரில்லில் ஒரு பெட்டி அடித்து, வெளியே சாவி உள்ளே நாப் என்று ஒரு பூட்டை அதில் வைக்கச் சொல்லுங்கள். கம்பி இடுக்கு வழியாக வெளியே இருந்து கைவிட்டு நாப்பைத் திருகாமல் இருக்க, சுற்றிலும் ஒரு முழம் அளவுக்கு இரும்புத் தகடு வைத்து மறைக்க வேண்டும். தகடு இல்லாமல் நாப் மட்டும் வைத்தால் கேட் இருந்தும் பயனில்லை. அதுவரை, தொங்கு பூட்டின் சாவி வெளியே இருந்து எட்டாத, உள்ளே எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் இருக்கட்டும்.

தியேட்டரில் இருப்பது போல் தள்ளினால் திறக்கும் கம்பி, வீட்டுக்கு வருமா?

வீட்டு வாசலுக்கு வராது. அது வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கானது, நம் வாசல் கதவுகள் உள்ளே திறப்பவை. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரோக்குவாய் தியேட்டர் தீயில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கதவுகள் இருந்தன. சில பூட்டிக் கிடந்தன, சிலவற்றின் தாழைத் திறக்கும் முறை கூட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அமெரிக்காவில் பரவியதுதான் அந்தத் தள்ளு கம்பி: யாரும் எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம், உடம்பு மோதினாலே திறக்கும். உங்கள் அபார்ட்மெண்டின் படிக்கட்டுக் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் அசோசியேஷன் கூட்டத்தில் இதைக் கேளுங்கள்.

டிஜிட்டல் பூட்டு?

உள்பக்கம் பேட்டரி இல்லாமலும் கையால் திறக்கும் நாப்போ ஹேண்டிலோ இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சரி. பேட்டரி தீர்ந்தால் வெளியே இருந்து 9 வோல்ட் பேட்டரியையோ சார்ஜர் வயரையோ தொட்டு உயிர் கொடுக்கும் வசதி பலவற்றில் உண்டு. சாவித் துளையும் சேர்ந்தே உள்ளது இன்னும் நல்லது. கைரேகை மட்டும் போதும் என்று இருக்காதீர்கள், வயதானவர்களின் ரேகை தேய்ந்து பல நேரம் பதிவாகாது.

நைட் லாட்ச் தானாகப் பூட்டிக்கொண்டு, நான் வெளியே நின்றுவிட்டால்?

குப்பை போடப் போய் மாட்டிக்கொள்வது எல்லார் கதையும்தான். நம்பிக்கையான பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்து வையுங்கள்.

சாவித் துளைக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

வேண்டாம். முதல் நாள் சுகமாகச் சுற்றும், அப்புறம் தூசி ஒட்டிப் பிசினாகிவிடும். பென்சில் கரியைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, சொருகி சில தடவை திருப்புங்கள். கிராஃபைட் பொடி கிடைத்தால் அதுவே.

வாடகை வீடு. நானே மாற்றலாமா?

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றினால் கதவில் ஒரு கீறலும் விழாது என்பதைச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். பழைய சிலிண்டரையும் அதன் சாவிகளையும் ஒரு கவரில் போட்டு, அதன் மேல் "வாசல் கதவு" என்று எழுதி வையுங்கள். காலி செய்யும்போது பழையதை மாட்டிக் கொடுத்துவிட்டு, உங்களுடையதை அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அங்கே அளவு பொருந்தினால்.